ஸ்டியரிங்கை மேடம் பிடிக்கட்டும்: கால்வாய்ப் படகுப் பயணத்துக்குத் தயாராகும் தம்பதிக்கு

கேள்வி: முப்பது வருடமாக லண்டனில் இருக்கிறோம், இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். எனக்கு 61, மனைவிக்கு 58. அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறேன். ஹாலந்தில் ஒரு இரும்புப் படகு வாங்கி, ஏப்ரலில் கிளம்பி, ஆறும் கால்வாயுமாகவே பிரான்ஸைக் கடந்து, செப்டம்பருக்குள் மத்தியதரைக் கடலைத் தொட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 15 மீட்டர் படகு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எந்த இன்ஜின் நல்லது? லைசென்ஸ் வேண்டுமா? படகை நான் ஓட்டுவேன், கயிறும் சமையலும் மனைவி பார்த்துக்கொள்வார். இட்லி கிரைண்டர் ஓடுமா என்றும் கேட்கச் சொல்கிறார்.

கீழே உள்ளதை மனைவி டைப் செய்கிறார்: எனக்கு நீச்சல் தெரியாது. லாக்கில், அதாவது தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை வேறு மட்டத்துக்குக் கொண்டுபோகும் கதவு போட்ட தொட்டியில், படகு ஏறி இறங்குவதை வீடியோவில் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அங்கே நான் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

பதில்: வணக்கம் சார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி மேடம் டைப் செய்த அந்தக் கடைசி மூன்று வரிதான். கப்பல் இன்ஜினியராகத் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பியவன் நான், இப்போது ராட்டர்டாம் பக்கம் படகு சர்வேயும் (வாங்கும் முன் படகின் நிலையைப் பரிசோதிப்பது) கால்வாய்ப் பயிற்சியும்தான் தொழில். என்னிடம் வரும் தம்பதிகளில் பலரும் இன்ஜின், பேட்டரி, சோலார் என்று மாதக்கணக்கில் படித்துவிட்டு வருகிறார்கள். லாக்குக்குள் யார் எங்கே நிற்பது என்ற பேச்சு மட்டும் முதல் லாக்கின் வாசலில்தான் தொடங்குகிறது, அப்போது பேச நேரம் இருப்பதில்லை. படகை விற்றுவிட்டு வீடு திரும்பிய தம்பதிகளையும் பார்த்திருக்கிறேன், அவர்களில் இன்ஜின் கெட்டுப்போனதால் திரும்பியவர்கள் குறைவு. ஒருவர் ஓட்டுபவர், ஒருவர் பயந்துகொண்டு கயிறு பிடிப்பவர் என்று ஆகி, பயந்தவருக்கு ஒரு கட்டத்தில் போதும் என்று தோன்றியதால் திரும்பியவர்களே அதிகம்.

மேடம், அதனால் முதலில் உங்களுக்கு.

பிரான்ஸில் நீங்கள் கடக்கப்போகும் லாக்குகளில் பெரும்பாலானவை 1879-ல் வந்த சட்டத்தின் அளவில் அமைந்தவை, 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம். அப்போதைய பொதுப்பணி அமைச்சர் ஃப்ரேசினேயின் பெயரால்தான் இன்றும் அந்த அளவைச் சொல்கிறார்கள். கீழ் நீருக்கும் மேல் நீருக்கும் உயர வித்தியாசம் பொதுவாக இரண்டரை, மூன்று மீட்டர். இறங்குவது எளிது: நீங்கள் உள்ளே போகும்போது கரை உங்கள் இடுப்பு மட்டத்தில் இருக்கும், கரையில் உள்ள இரும்புக் கட்டையில் கயிறைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொண்டு, நீர் இறங்க இறங்க விட்டுக்கொண்டே வந்தால் போதும். ஏறுவதுதான் முதல் சில நாள் கலக்கும், ஏனென்றால் ஒரு பள்ளத்துக்குள் நுழைகிறீர்கள், இரண்டு பக்கமும் பாசி பிடித்த ஈரச் சுவர், கயிறு மாட்ட வேண்டிய இரும்புக் கட்டையோ தலைக்கு மேலே கண்ணில் படாமல் இருக்கும்.

அங்கே செய்ய வேண்டியது இதுதான். இரண்டு பேர் இருக்கும் படகில் முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு என்று ஓடவேண்டாம். படகின் நடுப்பக்கத்துக் கிளீட்டிலிருந்து (கயிறு சுற்றும் இரும்புக் கொம்பு) ஒரே கயிறு போதும். அதைத் தளர்வான வளையமாக மேலே வீசி, படகுக்குச் சற்றுப் பின்தள்ளி இருக்கும் கட்டையில் விழவைத்து (ஆள் இருக்கும் லாக்கில் பணியாளரே கொக்கியை நீட்டி வாங்கிக்கொள்வார்), நுனியைத் திரும்ப இழுத்துக் கிளீட்டில் ஒரே ஒரு சுற்று சுற்றிப் பிடியுங்கள். ஸ்டியரிங்கில் இருப்பவர் சுக்கானைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, இன்ஜினை மிக மெதுவாக முன் கியரில் விட்டு வைக்க வேண்டும். கயிறு இறுகும், படகு தானாகவே சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், இழுப்பதெல்லாம் இன்ஜின்தான், உங்கள் கை இல்லை. மேல் மதகைத் திறந்ததும் தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டு வரும், படகு முன்னும் பின்னும் ஆட்டம் காட்டும், அதனால்தான் மேல் கதவிலிருந்து முடிந்தவரை பின்தள்ளி நிற்கச் சொல்வது. நீர் ஏற ஏறக் கயிறு தளரும், தளர்ந்த அளவை மட்டும் இழுத்துக்கொண்டே இருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் தலை கரைக்கு மேலே வந்துவிடும், எதிரே வயலும் லாக் வீட்டின் பூந்தொட்டிகளும் தெரியும்.

மூன்று விஷயத்தை மட்டும் எந்த நாளிலும் தளர்த்தாதீர்கள். ஒன்று, லாக்குக்குள் கயிறை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. இறங்கும்போது கட்டிய கயிறு படகை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டுவிடும், கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் ஒரு நல்ல கத்தி இருக்கட்டும். இரண்டு, இறங்கும்போது பின் கதவை ஒட்டி நிற்கக்கூடாது. மேல் கதவுக்குக் கீழே நீருக்குள் ஒரு கல் படி இருக்கிறது, படகின் பின்பாகம் அதில் உட்கார்ந்துவிட்டால் முன்பாகம் மட்டும் நீரோடு இறங்கும், படகு மூழ்குவதே அப்படித்தான். அந்தப் படி எங்கே முடிகிறது என்று சுவரில் கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து முன்னால் நில்லுங்கள். மூன்று, படகுக்கும் சுவருக்கும் நடுவில் கையோ காலோ போகக்கூடாது. 12 மீட்டர் இரும்புப் படகு பத்து டன்னுக்கு மேல் எடை, அதைக் காலால் தள்ளி நிறுத்த முடியாது, இடிக்கட்டும், பக்கவாட்டில் தொங்கும் ஃபெண்டர் என்ற ரப்பர் மெத்தை இருக்கிறது, பெயிண்ட் போனால் அடித்துக்கொள்ளலாம். தொங்கும் துப்பட்டா, விரித்த கூந்தல், செருப்பு மூன்றும் லாக்கில் வேண்டாம்.

பல லாக்குகளில் இப்போது ஆளே கிடையாது. முன்னதாகவே ரிமோட்டை அழுத்த வேண்டும், அல்லது கால்வாய்க்கு மேலே தொங்கும் தடியைத் திருகிவிட வேண்டும். சிவப்போடு பச்சையும் எரிந்தால் லாக் தயாராகிறது, தனிப் பச்சை எரிந்தால் உள்ளே போகலாம், இரட்டைச் சிவப்பு என்றால் வேலை செய்யவில்லை. உள்ளே நின்று கயிறு போட்ட பிறகு சுவரில் உள்ள நீலக் கம்பியைத் தூக்கினால் கதவு மூடி வேலை ஆரம்பிக்கும். பக்கத்திலேயே ஒரு சிவப்புக் கம்பி, அது அவசர நிறுத்தம். யாராவது நீரில் விழுந்தாலோ கயிறு சிக்கினாலோ யோசிக்காமல் அதை இழுங்கள். அதிகாரிகள் வந்து மறுபடி இயக்கிவிடுவார்கள், உங்களை யாரும் திட்டப்போவதில்லை.

நீச்சலைப் பற்றி. இந்தக் குளிர்காலத்திலேயே உங்கள் ஏரியா நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். நீளம் நீளமாக நீந்த வேண்டியதில்லை, தலைகுப்புற விழுந்தாலும் திரும்பி, முகம் மேலே இருக்கும்படி மிதக்கப் பழகினால் போதும். அப்புறம் 150 நியூட்டன் தானாக உப்பும் லைஃப் ஜாக்கெட், கால் இடுக்குப் பட்டையோடு, இருவருக்கும். அதைப் போட்டுக்கொண்டே ஒருமுறை குளத்தில் குதித்துப் பாருங்கள், பயிற்சி மையங்களில் இதைச் செய்ய விடுவார்கள். நீச்சல் தெரிந்த சாரும் போட்டுக்கொள்ள வேண்டும், ஏப்ரல் மாதக் குளிர்நீரில் விழுந்தவுடன் மூச்சு திணறும், நீச்சல் அப்போது உதவாது. யாராவது விழுந்தால் ஸ்டியரிங்கில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. புரொபெல்லர் நின்ற பிறகுதான் மற்றதெல்லாம். நீரில் இருந்தபடியே கீழே இழுத்து இறக்கக்கூடிய ஏணி படகின் பின்னால் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், பல படகுகளில் அது மேலிருந்துதான் இறங்கும்.

இப்போது சார், உங்களுக்கு. நீங்கள் ஓட்டுவது, மேடம் கயிறு என்று முடிவு செய்திருக்கிறீர்கள். அதை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கயிறு வேலைக்குத்தான் தோளில் வலு வேண்டும், ஏணியில் ஏற வேண்டும், ஈரக் கல்லில் கால் வைத்து இறங்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு வலுவே வேண்டாம். நிதானமும், கியரை மெதுவாகப் போடும் கையும், நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக லாக்குக்குள் நுழையும் பொறுமையும்தான் வேண்டும். இந்த மாதிரி விஷயத்தில் பயப்படுகிற ஆள்தான் நன்றாக ஓட்டுவார், ஏனென்றால் அவர் வேகமாக வரமாட்டார். அதோடு, கயிறு பிடித்துக்கொண்டு என்ன நடக்கப்போகிறதோ என்று காத்திருப்பவருக்குத்தான் பயம் ஏறுகிறது. படகு தன் கையில் இருக்கும்போது அந்தப் பயம் பாதியாகக் குறைவதைப் பயிற்சியில் அடிக்கடி பார்க்கிறேன். முதல் வாரம் முழுக்க மேடம் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு லாக் மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கத்திக்கொள்ளாமல் இருக்க, இருவழி ஹெட்செட் ஒரு ஜோடி வாங்குங்கள். படகில் போடும் பணத்தில் அதைவிடப் பயனுள்ளது எதுவும் எனக்குத் தெரியவில்லை. கத்தினால் திட்டுவது போலத்தான் கேட்கும், நீங்கள் திட்டவே இல்லை என்றாலும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமுடியாது. உங்கள் வயதில் ஒருவருக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போவது நடக்கக்கூடியது. அப்போது அடுத்தவர் படகைக் கரைக்குக் கொண்டுவந்து, இன்ஜினை நிறுத்தி, 112-க்கு அழைத்து, எங்கே இருக்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கால்வாயில் தெருப்பெயர் கிடையாது, லாக்கின் எண்ணும் கரையில் உள்ள கிலோமீட்டர் கல்லும்தான் முகவரி. ஒவ்வொரு நாளும் கட்டிய இடத்தின் லாக் எண்ணையும் பக்கத்து ஊர்ப் பெயரையும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

இதையெல்லாம் சொந்தப் படகில் கற்றுக்கொள்ள வேண்டாம். வாங்குவதற்கு முன்னால் ஒரு வாரம் வாடகைப் படகு எடுங்கள். பிரான்ஸில் வாடகைப் படகுக்கு லைசென்ஸ் வேண்டாம், கிளம்பும் இடத்திலேயே சொல்லிக்கொடுத்து அந்தப் பயணத்துக்கு மட்டுமான அட்டை தருவார்கள். என் தேர்வு நிவெர்னே கால்வாய், ஓசேரிலிருந்து கிளாம்சி பக்கம். லாக்குகளைக் கையால் இயக்கும் பணியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள், முதல்முறை வருகிறவர்களிடம் பொறுமையாக இருப்பார்கள், நீங்களும் இறங்கி ஒரு கதவைத் தள்ளிக்கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். தெற்குப் பிரான்ஸின் மிதி (Midi) கால்வாயில் ஆரம்பிக்காதீர்கள். அழகுதான், 1681-ல் முடித்த வேலை, யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, ஆனால் அங்கே லாக்குகள் முட்டை வடிவம். சுவர் வளைந்து போவதால் படகு நேராக ஒட்டி நிற்காது, நான் மேலே சொன்ன நடுக்கயிறு முறை அங்கே சரிப்படாது, முன்னும் பின்னும் இரண்டு கயிறு வேண்டும். பழகிய பிறகு போக வேண்டிய இடம் அது.

சரி, காலக் கணக்கு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்பது ஆறு மாதம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம், ஹாலந்து, பெல்ஜியம், பிரான்ஸ் எல்லாம் சேர்த்து. 2025 அக்டோபரிலிருந்து முத்திரைக்குப் பதிலாகக் கைரேகை, முகப்படத்தோடு கணினிப் பதிவு படிப்படியாக வந்துவிட்டது, நாள் கணக்கில் நழுவ வழியில்லை. அதனால் இரண்டு வழி. பிரான்ஸின் நீண்டகால வருகையாளர் விசாவை லண்டனிலேயே விண்ணப்பித்து வாங்கலாம், ஆறு மாதம் வரை கிடைக்கும், அந்த விசாவில் பிரான்ஸில் இருக்கும் நாட்கள் 90-ல் சேராது, ஆனால் ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் கழிக்கும் நாட்கள் 90 நாள் கணக்கில்தான் வரும். இல்லாவிட்டால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை 90 நாளுக்குள் ஓட்டிவிட்டு, படகை ஒரு துறைமுகத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவது. படகின் மேல் ஐரோப்பிய வாட் வரி கட்டியதற்கான மூல ஆதாரம் உங்கள் கையில் இருக்க வேண்டும், அது இல்லாத படகை விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

90 நாளில் ஹாலந்திலிருந்து மத்தியதரைக் கடல் போய்ச் சேர முடியுமா? முடியும். போகாதீர்கள். பர்கண்டி கால்வாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 242 கிலோமீட்டர், 189 லாக். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டமே 40 மணி நேரம், லாக்குக்குக் கால் மணி என்று வைத்தால் இன்னும் 47 மணி நேரம். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இந்த வேலை இருவருக்கு உடம்பைப் படுத்தும், ஆக 17, 18 நாள், ஒரு நாள்கூட மழைக்கோ சந்தைக்கோ துணி துவைக்கவோ நிற்காமல். பணியாளர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம் உண்டு, லாக் மூடும். அப்புறம் தண்ணீர். ஃப்ரேசினே அளவு லாக் ஒருமுறை நிரம்பி வடிந்தால் ஏறத்தாழ 5 லட்சம் லிட்டர் மேலிருந்து கீழே போய்விடுகிறது. மலைமுகட்டைத் தாண்டும் கால்வாய்களுக்கு அந்தத் தண்ணீர் ஏரிகளிலிருந்துதான் வரவேண்டும், வறண்ட கோடையில் இன்னொரு படகு வரும்வரை உங்களைக் காக்கவைத்துச் சேர்த்து அனுப்புவார்கள், 2022 போன்ற வருடங்களில் சில கால்வாய்களை மூடியே விட்டார்கள். பிரான்ஸில் ஏறக்குறைய 6,700 கிலோமீட்டர் நீர்வழிகளைப் பார்த்துக்கொள்ளும் வி.என்.எஃப் என்ற அரசு அமைப்பு மூடல் அறிவிப்புகளை இணையத்தில் போடுகிறது, படகின் நீளத்துக்கும் நாட்களுக்கும் ஏற்றபடி அவர்களிடம்தான் பயணக் கட்டணமும் கட்ட வேண்டும். குளிர்காலப் பராமரிப்பு மூடல்களையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

நான் சொல்லும் முதல் வருடம் இப்படி: ஹாலந்தின் வடக்கே உள்ள ஃபிரீஸ்லாந்தில் இரண்டு வாரம் படகோடு பழகுங்கள், அங்கே லாக் குறைவு, பாலங்கள்தான், கட்டணம் வாங்கும் சில பாலங்களில் இன்றும் மரச்செருப்பைக் கயிற்றில் கட்டி உங்கள் தலைக்கு நேரே இறக்குவார்கள், காசை அதில் போட வேண்டும். பிறகு மாஸ்ட்ரிக்ட், லியேஜ், நாமூர், டினாந்த் என்று மியூஸ் ஆற்றோடு ஏறி ஜிவேயில் பிரான்ஸுக்குள் நுழையுங்கள். சார்ல்வில், செடான், வெர்டன் வழியாகத் தூல், அங்கிருந்து வோஜ் கால்வாய், பிறகு சோன் ஆறு, கடைசியில் சேன்-ஜான்-த-லோன். அந்தச் சின்ன ஊரில் படகுக்காரர்களுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது, குளிர்காலத்துக்குப் படகை விட்டுவைக்க அதைவிட நல்ல இடம் சொல்லமாட்டேன். லியேஜைச் சுற்றிப் பெரிய சரக்குப் படகுகளும் பெரிய லாக்குகளும் உண்டு, அவர்களுக்குத்தான் முன்னுரிமை, அவர்கள் உள்ளே போய் புரொபெல்லரை நிறுத்திய பிறகு நீங்கள் போங்கள். பிரான்ஸின் குறுகிய கால்வாயில் எதிரே 38 மீட்டர் சரக்குப் படகு வரும்போது பயந்துபோய்க் கரையோரம் ஒதுங்குவது எல்லோரும் செய்வது, அதுதான் ஆபத்து. முதலில் அதன் முன்பக்க நீர் உங்களைத் தள்ளும், அடுத்த நொடி அதன் பின்பக்கம் தண்ணீரை உறிஞ்சும், கரையோரம் ஆழம் குறைந்து நீங்கள் தரை தட்டுவீர்கள். வேகத்தை முன்னாடியே குறைத்து, நடுவழியை விட்டுக் கொஞ்சமே விலகி, அது தாண்டும்வரை சுக்கானுக்கு வேலை இருக்கும்படி இன்ஜினை மெதுவாக ஓடவிடுங்கள்.

கடல் இரண்டாம் வருடம். ரோன் ஆற்றில் லியோனிலிருந்து கடல் வரை 12 பெரிய லாக், போலேனில் மட்டும் ஏறத்தாழ 23 மீட்டர் இறக்கம். கயிறு மாட்டும் கட்டைகள் சுவருக்குள்ளேயே நீரோடு மிதந்து இறங்குவதால் அது நீங்கள் நினைப்பதைவிட எளிது, லைஃப் ஜாக்கெட் அங்கே கட்டாயம். பயப்பட வேண்டியது லாக்குக்கு அல்ல, நீரோட்டத்துக்கும் மிஸ்ட்ரல் என்ற பலத்த வடகாற்றுக்கும்தான். ஒரு வருட அனுபவம் கையில் இருந்தால் அந்த ஆற்றை நீங்கள் இருவரும் ரசிப்பீர்கள், புதிதாகப் போனால் அது உங்களை அடித்துக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது அதே நீரோட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

படகு. 15 மீட்டர் வேண்டாம். 11, 12 மீட்டர் டச்சு இரும்புப் படகு இருவருக்குத் தாராளம். ஹாலந்தில் 15 மீட்டருக்குக் குறைவாகவும் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாததாகவும் இருந்தால் லைசென்ஸே கேட்பதில்லை. நீளத்தைவிட முக்கியம் உயரம்: பொதுவான பாலங்களுக்கு மூன்றரை மீட்டர் வரை இடம் உண்டு, ஆனால் பர்கண்டியில் புயி சுரங்கத்தில் 3.1 மீட்டர்தான், நிவெர்னேயில் ஒரு பாலத்தில் 2.7. கூரைத் துணியையும் கம்பங்களையும் மடக்கிய பிறகு 2.7-க்குள் வந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போகலாம். ஆழம் 1.1 மீட்டருக்குள் இருக்கட்டும். இன்ஜின் எந்தக் கம்பெனி என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். உதிரிபாகம் எளிதில் கிடைக்கும் ஒற்றை டீசல் இன்ஜின், எண்ணெய் மாற்றிய பதிவேடு, குளிரூட்டும் நீர் வடிகட்டி கைக்கெட்டும் இடத்தில் இருப்பது, இவ்வளவும் போதும். கோடையில் நீர்ச்செடி அந்த வடிகட்டியில் வந்து அடைக்கும், ஒரு நாளில் இரண்டு மூன்று முறைகூடத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரும், தரைப்பலகையைப் பெயர்த்துக் குப்புறப் படுத்துத்தான் எட்ட முடியும் என்றால் நீங்கள் அதைச் செய்யமாட்டீர்கள், இன்ஜின் சூடாகிவிடும். மேடமும் நீங்களும் பார்க்கும் படகில் ஏறி இறங்கிப் பாருங்கள், ஸ்டியரிங்கிலிருந்து கரைக்கு எத்தனை படி, முட்டி தாங்குமா, பக்கவாட்டு நடைபாதையில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா என்று.

படகை நீரிலிருந்து தூக்கி, அடித்தகட்டின் தடிமனை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்த சர்வே இல்லாமல் ஒரு யூரோகூடக் கொடுக்காதீர்கள். புதிதில் 5, 6 மில்லிமீட்டர் இருந்த தகடு, பழையதில் சில இடங்களில் அரித்திருக்கும், 4-க்குக் கீழே போனால் இன்சூரன்ஸ்காரர்கள் பொதுவாக ஏற்பதில்லை. விற்பவர் காட்டும் பழைய சர்வே போதாது, நீங்களே அமர்த்திய ஆள் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட ரிப்பேருக்கு ஒதுக்கிவிட்டு மீதிக்குப் படகு பாருங்கள்.

லைசென்ஸ். ஹாலந்தில் வேண்டாம் என்றாலும் பிரான்ஸில் வேண்டும். பிரிட்டனில் ஆர்.ஒய்.ஏ என்ற படகோட்டிகள் சங்கம் தரும் ஐ.சி.சி என்ற சர்வதேசத் தகுதிச் சான்றிதழ், அதில் உள்நாட்டு நீர்வழிக்கான செவ்னி தேர்வும் சேர்ந்திருக்க வேண்டும், செவ்னி இல்லாத ஐ.சி.சி கடலுக்கு மட்டும்தான் செல்லும். 12 மீட்டர் படகு என்பதால் 10 மீட்டருக்கு மேற்பட்ட வகையில் செய்முறைத் தேர்வு எடுங்கள். இருவருமே எடுங்கள். செவ்னி என்பது அடையாளப் பலகைகளும் விளக்குகளும் ஒலிகளும்தான்: ஒரு குட்டை ஹாரன் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு இடப்பக்கம், மூன்று பின்னோக்கிப் போகிறேன், நான்கு என்றால் என்னால் படகைக் கட்டுப்படுத்த முடியவில்லை. படகில் வி.எச்.எஃப் ரேடியோ இருக்கும், அதற்கு இயக்குபவர் சான்றிதழ் தனி, ஒரு நாள் படிப்பு. ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழியில் ரேடியோ ஒவ்வொரு முறை பேசி முடிக்கும்போதும் படகின் அடையாளத்தைத் தானாக அனுப்பும் ஏட்டிஸ் வசதி கட்டாயம், அதற்கான எண்ணை ஆஃப்காம் என்ற பிரிட்டிஷ் தொலைத்தொடர்பு ஆணையத்தில் ரேடியோ லைசென்ஸோடு கேட்டு வாங்குங்கள். மருத்துவத்துக்கு பிரிட்டனின் ஜி.எச்.ஐ.சி அட்டை, அதற்கு மேல் பயண இன்சூரன்ஸ், மூன்று மாத மாத்திரை.

கிரைண்டர் ஓடும் மேடம், தாராளமாக. மேசைக் கிரைண்டர் 150 வாட் அளவுதான் இழுக்கும், நல்ல இன்வெர்ட்டரும் சோலாரும் இருந்தால் படகு ஓடும்போதே மாவு ஆட்டலாம். சிக்கல் லண்டன் வீட்டு மின்கெட்டிலில்தான், அது 3,000 வாட். சின்ன ஊர்க் கரைகளில் 6 ஆம்பியர் மின்சாரம்தான் தருவார்கள், 230 வோல்ட்டில் அது 1,380 வாட், கெட்டிலைப் போட்ட உடனே மொத்தமும் போய்விடும், ஃபியூஸ் பெட்டியின் சாவி நகராட்சி அலுவலகத்தில் இருக்கும், அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் திங்கள்வரை மின்சாரம் இல்லை. ரைஸ் குக்கர் சரி, இண்டக்‌ஷன் அடுப்பு வேண்டாம், கேஸ் அடுப்பையே நம்புங்கள். கேஸ் சிலிண்டரின் இணைப்பு நாட்டுக்கு நாடு வேறு என்பதால் அடாப்டர்கள் வாங்கி வையுங்கள். சிலிண்டர் பெட்டிக்குக் கீழே வெளியே போகும் துளை இருக்க வேண்டும், கசியும் கேஸ் கனமானது, துளை இல்லாவிட்டால் படகின் அடியில் போய்த் தேங்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் படுக்கும் இடத்தில் ஒன்று, சமைக்கும் இடத்தில் ஒன்று. உளுந்தும் இட்லி அரிசியும் லண்டனிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள், லியேஜ் தாண்டினால் கிடைப்பது கடினம்.

அப்படியானால் இப்போது செய்ய வேண்டியது: நவம்பரிலேயே நீச்சல் வகுப்பு, ஜனவரி, பிப்ரவரியில் செவ்னியும் ரேடியோவும், மார்ச்சில் ஓய்வு பெற்ற பிறகு இருவரும் ஐ.சி.சி செய்முறை, மே மாதத்தில் நிவெர்னேயில் ஒரு வாரம் வாடகைப் படகு. அந்த வாரத்துக்குப் பிறகும் இருவருக்கும் ஆசை இருந்தால் செப்டம்பரில் ஹாலந்து வாருங்கள், பருவம் முடிந்து குளிர்காலத் துறைமுகச் செலவைத் தவிர்க்க நினைக்கிற உரிமையாளர்கள் அப்போதுதான் விலை பேச இறங்கிவருவார்கள், படகும் பருவம் முழுக்க ஓடிய நிலையில் இருப்பதால் அதன் குறைகள் கண்ணில் படும். பார்த்து வைத்திருக்கும் அந்த 15 மீட்டர் படகுக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் ஒப்பந்தத்தில் சர்வேக்கு உட்பட்டது என்ற வரி இருக்கிறதா என்று இன்றே பார்த்து எனக்கு எழுதுங்கள்.